அப்படியே செய்யுங்கள் என்றேன்

கன்னடம் நன்றாகத் தெரியும் என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கினேன். முழுப்பொய் இல்லை. பெங்களூர் விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கன்னடம் எப்படித் தெரியாமல் போகும்? பஸ் கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடத் தெரியும். கொத்தமல்லிக்கட்டு விலையைக் குறைக்கத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவோடு குழாயடியில் ஊர்வம்பு அளக்கத் தெரியும். ஆனால் மாட்டுக் கொட்டகைக்குள் ஒரு கன்னடம் இருக்கிறது. அதில் நான் கைநாட்டு. எங்கள் தெருவில் சினிமா போஸ்டரைக் கிழித்துத் தின்னும் மாட்டைத் தவிர வேறு மாட்டை நான் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.

ஆபீஸ் ஒக்கலிபுரத்தில், ரயில்வே லைனை ஒட்டி இருந்தது. முன்னால் இரண்டு அறை, பின்னால் குடோன். சுற்றுவட்டாரத்துப் பால் சங்கங்களுக்கு மாட்டுத் தீவனம் அனுப்புகிற இடம். ஒரு போன், ஒரு நாற்காலி, நான். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் கழித்து மழை ஏமாற்றியதே, அந்தச் சமயம். தவிடு இல்லை, புண்ணாக்கு இல்லை, ராகித் தாள் இல்லை. கூட்ஸில் வருகிற மூட்டைகளும் குடோனுக்குள் போகாமலே லாரி ஏறின. சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்று எடுத்தார்களே ஒழிய, அந்த நாற்காலியில் உட்கார என்ன தகுதி வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் நாளே மானம் போயிற்று. ஒரு விவசாயி போனில், "ஹிண்டி இதெயா?" என்றார். நான் ரொம்ப மரியாதையாக, "ஹிந்தி பரல்ல சார், கன்னடா மாத்தாடி" என்றேன். எனக்கு ஹிந்தி வராது, கன்னடத்திலேயே பேசுங்கள் என்று. அவர் மெதுவாக, "ஹிந்தி அல்லம்மா, ஹிண்டி" என்றார். ஹிண்டி என்றால் புண்ணாக்காம். குடோனில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு வாரம் என்னைப் பார்த்தால், "மேடம், ஹிந்தி எத்தனை மூட்டை வந்திருக்குது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்கிறவள் இன்னொன்றையும் தப்பாகக் கேட்பாள் இல்லையா? யோசிக்கவில்லை. வேடிக்கையாகப் போயிற்று.

எங்கள் பெரியவர் ஒரு மாட்டு டாக்டர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், எல்லோரிடமும் அவரவர் பாஷையில் பேசுவார். என்னிடம் தமிழ். அவர்தான் எனக்கு ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தார். யார் போன் செய்தாலும் ஊர், பெயர், எத்தனை மாடு என்று எழுதிக்கொண்டபின் அதைக் கேட்க வேண்டும்: "ஹசு சாக்தீரா, கேம்ப்கெ களிஸ்தீரா?" பசுவை நீங்களே வைத்து வளர்க்கிறீர்களா, முகாமுக்கு அனுப்புகிறீர்களா? அப்போது ஊருக்கு வெளியே மாட்டு முகாம்கள் போட்டிருந்தார்கள். முடியாதவர்கள் மாட்டை அங்கே கொண்டுவிடலாம். வைத்துக்கொள்கிறவர்களுக்கு எங்கள் லாரியில் கொஞ்சமாவது தீவனம் போகும். வளர்க்கிறேன் என்பவர் "சாக்தீனி" என்பார். அதற்கு நான் சொல்ல வேண்டியதையும் டாக்டரே சொல்லிக் கொடுத்திருந்தார். "சும்மா எழுதிகிட்டு வச்சிடாதம்மா. பாவம், ஒடிஞ்சி போயிருக்காங்க. ஒரு நல்ல வார்த்தை சொல்லு." அந்த நல்ல வார்த்தை: "ஒள்ளேது, ஹாகே மாடி." நல்லது, அப்படியே செய்யுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பேன்! தூக்கத்தில்கூடச் சொல்வதாக அம்மா சொன்னாள்.

போன் செய்தவர்கள் யாரும் தங்களைப் பற்றிப் பேசவில்லை. மாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். மாடு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, மாடு கண்ணில் தண்ணீர் விடுகிறது, மாட்டுக்குக் கொடுக்கக் கூரையில் வேய்ந்த பழைய தாளை உருவிவிட்டோம். மாடு வாங்கிய கடனே தீரவில்லை, மாடு எலும்பாகிவிட்டது. ஒருவர் என்னிடம், "அது என்னைப் பாக்குதும்மா, நான் எங்க பாக்கறது?" என்று கேட்டார். கேள்வியைக் கேட்டேன், பதிலை எழுதினேன், ஹாகே மாடி என்றேன். வாய்க்குப் பழகிவிட்டால் காதுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் குழந்தை இயேசு கோவிலில் கூட்டம் அம்மும். நானும் வாராவாரம் போகிறவள். மெஜஸ்டிக்கில் பஸ் பிடிக்க வேண்டும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. எடுக்காமல் போயிருக்கலாம். நின்றபடியே எடுத்தேன்.

ஹொசகோட்டைக்கு அப்பால் ஒரு ஊர். சங்கத்து போனிலிருந்து ஒரு ஆண் குரல் பேசியது. லைனில் கரகரவென்று சத்தம். பின்னால் பால் கேன் உருட்டுகிறார்கள். பெயர் சொன்னார். இரண்டு பசு, ஒரு கன்று என்றார். நான் பழக்கத்தில் கேட்டேன், சாக்தீரா, களிஸ்தீரா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கோ கண் கடிகாரத்தில். "ஹேளி சார், ஹேளி" என்று, சீக்கிரம் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினேன். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் எழுதிக்கொண்டு, குரலில் கொஞ்சம் சிரிப்புகூடச் சேர்த்து, "ஒள்ளேது, ஹாகே மாடி" என்றேன்.

அந்தப் பக்கம் கேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

அன்று எனக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கோவிலில் முட்டி போட்டு வேண்டிக்கொண்டேன். மனசு லேசாகத்தான் இருந்தது. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை குழாயடி. தண்ணீர் வரும் வரும் என்று எல்லோரும் குடத்தை வரிசை வைத்து நின்றோம். பக்கத்து வீட்டு அம்மா மைசூர்ப் பக்கத்துக்காரர். வாய் திறந்தால் பத்து வார்த்தைக்கு ஒரு தடவை செத்துப் பிழைப்பார். குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நீரு பரோ ஹொத்திகெ நானு சாய்தீனி!" என்றார். தண்ணீர் வருவதற்குள் நான் செத்துப்போவேன் என்று. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. சாய்தீனி. சாக்தீனி. ஒரே ஒரு எழுத்து. தமிழ்க் காதுக்குச் சாய்வது வேறு, சாவது வேறு. கன்னடத்தில் சாய்தீனி என்றால்தான் சாகிறேன். நேற்று அந்த மனிதர் சொன்னது காதுக்குள் திரும்ப வந்தது. கரகரப்பு, கேன், அப்புறம் அந்த வார்த்தை. அதில் க் இல்லை. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் க் இல்லை.

அவர் சாகிறேன் என்று சொன்னார். நான் நல்லது, அப்படியே செய்யுங்கள் என்றேன்.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். அம்மா பின்னாலேயே, "எங்கடி போற? சாப்டாம கொள்ளாம!" என்று கத்தினாள். மெஜஸ்டிக் போகிற பஸ்ஸில் நின்றபடி, கர்த்தரே, நான் தப்பாகக் கேட்டிருக்க வேண்டும், இன்றைக்குத் தப்பாகக் கேட்கிறேன், நேற்று சரியாகத்தான் கேட்டேன் என்று என்னவெல்லாமோ உளறிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து நின்றார்.

டாக்டர் இன்னும் வரவில்லை. சங்கத்து நம்பரைச் சுற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. காலைப் பால் ஊற்றி முடிந்ததும் சங்கத்தைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி சாயங்காலம்தான். வெளியே லாரியில் ராகித் தாள் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார் டிரைவர் அண்ணன். ஒக்கலிபுரத்துக்காரர், ஐம்பது வயசு இருக்கும், தலையில் துண்டு, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பேச்சு.

"அண்ணே, லோடு எங்க போவுது?"

"மாகடி ரோடும்மா. ஏன், மூஞ்சி இன்னா இப்படி கீது?"

"ஹொசகோட்டைக்கு விடுங்க. நானும் வர்றேன்."

"இன்னா, ஆட்டோவா இது? மேற்க போறத கிழக்க விடச் சொல்லிக்கினு. டாக்டர் கேட்டா யார் பதில் சொல்றது?"

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கிறதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் துண்டை எடுத்து உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "ஏறு" என்றார்.

டின் ஃபேக்டரியில் ஒரே ஜாம். கே.ஆர்.புரத்தில் இன்னொரு ஜாம். அவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி எதிரில் வந்த எல்லோருடைய வம்சத்தையும் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் விசாரித்துக்கொண்டு ஓட்டினார். நடுவில் என் பக்கம் திரும்பாமலே, "அந்த ஆள் கோவத்துல சொல்லியிருப்பான். எங்கூட்ல எம்பொண்டாட்டி தெனம் சொல்றா" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஆனா நீ சரின்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். எனக்குத் தெரியாதா அது?

ஊர் வந்தது. சங்கம் பூட்டியிருந்தது. பெயரைச் சொன்னதும் ஒரு பையன் வீட்டைக் காட்டிவிட்டு ஓடினான். ஓட்டு வீடு. வாசலில் இரண்டு பசு, விலா எலும்பை விரல் விட்டு எண்ணலாம். அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார். என் அம்மா வயசு. கன்னடத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அவரில்லையே. விடிகாலை பஸ்ஸுக்கே போயிட்டார்."

"எங்கே போனார்?"

"சொல்லலை. கல்யாணத்துக்குப் போடற வெள்ளைச் சட்டையைப் போட்டுகிட்டார். கேட்டதுக்கு, வேலை இருக்குன்னார். சாப்பிடலை. ராத்திரியும் சாப்பிடலை." அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க யாரு?"

நான் யார்? உன் புருஷனைச் சாகச் சொன்னவள் என்றா சொல்வது? என் வாய் பெரிய வாய் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்று அதிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. டிரைவர் அண்ணன்தான் முந்திக்கொண்டு, "தீவன ஆபீஸ்மா, தாள் கொண்டாந்திருக்கோம்" என்றார். மாகடி ரோட்டுக்குப் போக வேண்டிய லோடு அது. அவர் பாட்டுக்குக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுக்கட்டாகத் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. என்னை மறந்தார், புருஷனை மறந்தார். இரண்டு கையாலும் ராகித் தாளை வாரிக்கொண்டு ஓடினார். மாடுகள் தலையை அதற்குள் விட்டுவிட்டு எடுக்கவே இல்லை. அந்த அம்மா மாட்டின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். நான் அந்த இடத்தில் நின்றுகொண்டு இதைப் பார்த்தேன். ஐயோ, இவருக்கு இன்னும் தெரியாதே, தெரியாதே.

அண்ணன் அக்கம்பக்கத்து ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். நாலைந்து பேர் கிளம்பினார்கள். ஏரிப் பக்கம் இரண்டு பேர், தோப்புப் பக்கம் மற்றவர்கள். ஏரியில் தண்ணீர் ஏது, வெடித்த மண்தான். நானும் போனேன். செருப்புக்குள் சூடு ஏறியது. ஒவ்வொரு மரத்தையும் பார்க்கப் பயம், பார்க்காமல் திரும்பவும் பயம். ஒரு இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சத்தம் போட்டுவிட்டேன். யாரோ காயப்போட்ட உரச்சாக்கு. கூட வந்தவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வெயிலில் எவ்வளவு நேரம் சுற்றினோம் என்று எனக்கு ஞாபகமில்லை. கடைசியில் போலீஸுக்குச் சொல்லிவிடலாம் என்று சங்கத்துச் செக்ரெட்டரியை வயலிலிருந்து கூப்பிட்டு வந்து பூட்டைத் திறந்தார்கள். கதவைத் தள்ளினால் உள்ளே போன் அடித்துக்கொண்டிருக்கிறது. செக்ரெட்டரி எடுத்தார். கேட்டார். என்னைப் பார்த்தார். ரிசீவரை நீட்டினார். எனக்குக் கை நீளவில்லை. அண்ணன்தான் வாங்கி என் காதில் வைத்தார்.

டாக்டர். "எங்கம்மா போய்த் தொலைஞ்சே? லாரி எங்கே? மாகடி ரோட்டிலிருந்து போன் மேல போன். ரெஜிஸ்டர்ல கடைசியா இருந்த ஊருக்கெல்லாம் அடிச்சிட்டேன். இங்க ஒருத்தர் காலைல இருந்து உன் நாற்காலிக்கு எதிர்ல உக்காந்திருக்கார். டீ குடுத்தா வேணாங்கறார். உன்னைப் பாக்காம போகமாட்டாராம்."

"யார் சார்?"

"வெள்ளைச் சட்டை. ஹொசகோட்டைப் பக்கமாம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அந்த வீட்டு அம்மா ஓடி வந்து, "என்ன, என்ன?" என்றார். உங்கள் வீட்டுக்காரர் எங்கள் ஆபீஸில் இருக்கிறார் என்றேன். "அவ்வளவுதானா? தாள் கேக்கத்தான் போயிருப்பார், பாவம்" என்றார். எங்களோடு வருகிறீர்களா என்று கேட்டதற்கு, பால் கறக்கிற நேரத்துக்கு மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது, நீங்களே சாப்பிட வைத்து அனுப்புங்கள் என்றார். அவரிடம் நான் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது சாயங்காலம். ஆபீஸ் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி. ஐம்பதுக்கு மேலே. சட்டை கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது, மடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அல்சூர் மார்க்கெட்டுக்குப் பல வருஷம் காய்கறி கொண்டு வந்தவராம், தமிழ் பேசினார்.

"நேத்து போன்லே பேசினது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க."

"நான் சாவறேன்னு சொன்னேன். நல்லது, அப்டியே பண்ணுன்னீங்க."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு இது அதுவரை தெரியாது.

"யாரும்மா நீங்க?" வெள்ளைச் சட்டைக்காரர் குரல் ஏறியது. "எனக்கு நீங்க என்ன ஆவணும்? அக்காவா, தங்கச்சியா? இந்த முகத்தை நீங்க பாத்ததுகூட இல்லே. என்னைச் சாவச் சொல்ல நீங்க யாரு? அதுவும் சிரிச்சிகிட்டு! ராத்திரி பூரா எனக்கு அதே கோவம். வேற நெனப்பே வரல. விடியட்டும், போய் அந்தப் பொம்பளை மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்பறம் பாத்துக்கலாம்னு வந்தேன்."

நான் கேட்டதைச் சொன்னேன். சாக்தீனி என்று கேட்டது, பஸ்ஸுக்கு அவசரப்பட்டது, குழாயடி, அவர் ஊர், அவர் வீட்டம்மா, தாள், எல்லாம். கோர்வை இல்லாமல் கொட்டினேன். "என்னை அடிங்கண்ணா" என்றேன். சினிமா வசனம் போல இருக்கிறது, ஆனால் அப்போது எனக்கு அது உண்மையாகவே வேண்டியிருந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உதட்டை அசைத்து இரண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். சாக்தீனி. சாய்தீனி. "வளக்கறேன்னு சொல்லத்தாம்மா போன் பண்ணேன்" என்றார். "வாயில வேற வந்திடுச்சி." அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டிரைவர் அண்ணன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார்.

டாக்டர் ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்தார். வந்தவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு மாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "இப்பவும் அந்த நெனப்பு இருக்கா? மறைக்காம சொல்லுங்க" என்று நேராகக் கேட்டார். இப்படிக்கூடக் கேட்கலாமா என்று எனக்கு ஆச்சரியம். அந்த மனிதர், "இருக்கு சார். ஆனா நேத்து மாதிரி இல்லே" என்றார். டாக்டர் தன் ஸ்கூட்டரிலேயே அவரைத் தனக்குத் தெரிந்த ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த மனிதரின் தம்பி வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, ஆள் வரவழைத்து, கூடவே அனுப்பி வைத்தார். பிறகு பல மாசம் நான் வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு போன் செய்தேன். எடுத்ததும், "சாக்தீனிம்மா, சாக்தீனி, க் கேட்டுச்சா?" என்பார். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் ஒரு கதையாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை. டாக்டர் முதல் வேலையாகக் கேள்வியை மாற்றினார். இனிமேல் மாடு உங்களிடமே இருக்குமா என்று கேள், முதலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேள், பதில் வரும்வரை சும்மா இரு என்றார். நான் தலையாட்டிவிட்டு என் நோட்டைப் பிரித்தேன். ரெஜிஸ்டரில் ஏற்றுவதற்கு முன் போனில் கேட்கக் கேட்கக் கிறுக்குகிற நோட்டு. அவசரத்துக்கு நான் தமிழில் ஒற்றை எழுத்துத்தான் போடுவேன். முகாமுக்கு அனுப்புகிறவர்களுக்கு 'க'. சாக்தீனி என்றவர்களுக்கு 'சா'.

பெயர், ஊர், சா. பெயர், ஊர், சா. பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் சா, சா, சா. மாசக்கணக்காக நான் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே இருந்தும் எனக்கு அது எழுத்தாகத் தெரிந்ததே தவிர ஒரு நாள்கூட வார்த்தையாகத் தெரியவில்லை.

நோட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. என்னவென்று கேட்டார். சொன்னேன். "சார், இதுல எத்தனை பேர் க் சொன்னாங்க, எத்தனை பேர் சொல்லலை, எனக்குத் தெரியாது சார். எல்லாருக்கும் அப்படியே செய்யுங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போனை எடு. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பி" என்றார்.

நான் கூப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சங்கத்து போன், கடை போன், எஸ்.டி.டி. பூத், வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற போன். ஆளைக் கூப்பிட்டு வரச் சொல்லி, காத்திருந்து, மறுபடி கூப்பிட்டு. அன்று முழுக்க, திங்கட்கிழமை முழுக்க. எடுத்தவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். "என்னை எப்படி இருக்கேன்னா கேக்கறீங்க?" என்றார் ஒருவர், நம்பாமல். ஒரு கிழவர் தன் மருமகளைக் கூப்பிட்டு, பெங்களூரிலிருந்து என் சௌக்கியம் விசாரிக்கிறார்கள் என்று சத்தமாகச் சொன்னது கேட்டது. ஒவ்வொரு குரலையும் கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது. அந்தந்தப் பெயருக்கு எதிரே டிக் போட்டேன். இருவர் மட்டும் குரலே சரியில்லாமல் பேசினார்கள். அவர்களிடம் டாக்டர் தானே போனை வாங்கிப் பேசினார். அடுத்த நாளே அந்த இரண்டு ஊருக்கும் போனார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பெயர் வந்தது. கோலார்ப் பக்கம் ஒரு ஊர். ஒரு பசு. கடை போன். கடைக்காரர் எடுத்தார். பெயரைச் சொல்லி, அவரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன்.

"அவரா? ஹோகிபிட்ரு" என்றார் கடைக்காரர்.

போய்விட்டார். கன்னடத்தில் அதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு, தமிழில் இருப்பதைப் போலவே. வேலை தேடி ஊரை விட்டுப் போனவரையும் அப்படித்தான் சொல்வார்கள். எத்தனையோ பேர் அந்த வருஷம் அப்படிப் போனார்கள். பெங்களூருக்கே வந்து மூட்டை தூக்கினார்கள். எங்கே போனார் என்று கேட்டிருக்கலாம். எப்போது போனார் என்று கேட்டிருக்கலாம். இரண்டே வார்த்தை. அந்த இரண்டு நாளும் ஒவ்வொருவரிடமும் திருப்பித் திருப்பி, நிதானமாக, தெளிவாகக் கேட்கத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர், "ஹலோ, ஹலோ?" என்றார்.

நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

"என்ன சொன்னாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஊர்ல இல்லையாம் சார்" என்றேன்.

"சரி, அடுத்தது" என்றார்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆபீஸ் இல்லை, டாக்டரும் இல்லை. அந்தக் கடை நம்பர் மட்டும் எனக்கு மனப்பாடம், என் வீட்டு நம்பர் மறந்தாலும் அது மறக்காது. ஊர் பெயரும் தெரியும், பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். எத்தனையோ தடவை கோலார் பஸ் நிற்கிற இடம்வரை போயிருக்கிறேன். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். எனக்கா வாய் இல்லை? அங்கே போய் யாரையாவது நிறுத்தி, அவர் எங்கே போனார் என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.